முடக்கு வாதம் மூட்டோடு நிற்பதில்லை: தமனிகளையும் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்

புது தில்லி: முடக்கு வாதம் என்றதும் நினைவுக்கு வருவது வீங்கிய விரல் கணுக்களும், காலையில் மடங்க மறுக்கும் கைகளும்தான். ஆனால், இந்நோயால் பாதிக்கப்பட்டோரின் ஆயுளைக் குறைப்பதில் முதலிடம் வகிப்பது மூட்டு அல்ல, இதயம். மூட்டை வீங்கச் செய்யும் அதே நோய் எதிர்ப்புச் செல்கள், இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் சுவரிலும் அழற்சியை வளர்க்கின்றன. இதனால், முடக்கு வாத நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏற்படும் வாய்ப்பு, அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக உள்ளது.

மூட்டு வலிக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்பவர்களில் பலர் இதயப் பரிசோதனை பற்றி நினைப்பதில்லை. பரிசோதனை செய்துகொண்டாலும், சிலருக்குக் கொழுப்பு அளவு சரியாக உள்ளது என்ற அறிக்கையே கையில் கிடைக்கிறது. அந்த ஓர் அறிக்கையை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது என்பதே இத்துறை ஆய்வுகள் தரும் முக்கிய எச்சரிக்கை.

இரண்டு வரிசைகள், ஒரே நோயாளி

தெற்கு தில்லியின் சரோஜினி நகர், முன்பு விநய் நகர் என்று அழைக்கப்பட்ட மத்திய அரசு ஊழியர் குடியிருப்புப் பகுதி. பணி நிமித்தம் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் இடங்களுள் ஒன்று. இங்கிருந்து ரிங் ரோடு வழியாகச் சிறிது தூரம் சென்றால், ஸ்ரீ அரவிந்தர் மார்க் சாலையின் ஒருபுறம் சஃப்தர்ஜங் மருத்துவமனையும், மறுபுறம் எய்ம்ஸ் மருத்துவமனையும் எதிரெதிரே அமைந்துள்ளன. பல மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகள் விடியற்காலையிலேயே சீட்டுப் பதிவு செய்ய வரிசையில் நிற்கும் இடம் இது.

பெரிய மருத்துவமனைகள் அனைத்திலும் உள்ளதைப் போலவே இங்கும் மூட்டு வலிக்கு ஒரு பிரிவு, நெஞ்சு வலிக்கு வேறொரு பிரிவு. நோயாளிகளின் மனத்திலும் இவை தொடர்பற்ற இரண்டு நோய்களாகவே பதிந்துள்ளன. ஆனால், ரத்தத்தில் சுற்றிவரும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அத்தகைய பிரிவு எதுவும் கிடையாது. மூட்டில் தூண்டப்பட்ட செல், அடுத்த சில மணி நேரத்தில் இதயத் தமனியைக் கடந்து செல்லக்கூடும்.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழில் ‘வாதம்’ என்று முடியும் நோய்கள் பல. பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் ரத்தம் தடைபடுவதாலோ, மூளையில் ரத்தம் கசிவதாலோ கை, கால் செயலிழப்பது. முடக்கு வாதம் அதுவன்று. அது நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்குவதால் மூட்டுகளில் ஏற்படும் நீடித்த அழற்சி.

வயது முதிர்வால் முழங்கால் குருத்தெலும்பு தேய்வதும் இதிலிருந்து வேறுபட்டது. தேய்மான வலி, நடந்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்கு வாத வலியோ ஓய்வுக்குப் பிறகே அதிகமாகத் தெரியும். உறங்கி எழுந்தவுடன் விரல்கள் இறுகிப்போய், அந்த இறுக்கம் விலக அரை மணி முதல் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரே மாதிரியாக, மணிக்கட்டும் விரல்களின் அடிக் கணுக்களும் வீங்கும். தில்லியின் குளிர்காலத்தில் இந்த இறுக்கத்தைக் குளிரின் மீது பழிபோட்டு விட்டுவிடுவது எளிது. ஆறு வாரங்களைத் தாண்டியும் அது நீடித்தால், குளிர்தான் காரணம் என்று இருந்துவிடுவது சரியன்று.

இந்தியாவில் இந்நோய் எவ்வளவு பரவலானது என்பதற்கு முதன்மையான சான்று தில்லிக்கு அருகிலிருந்தே கிடைத்தது. ஹரியாணா மாநிலம் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில், எய்ம்ஸ் மருத்துவர் ஏ.என்.மாளவியா தலைமையிலான குழு வீடு வீடாகச் சென்று சுமார் 40,000 வயது வந்தோரிடம் விசாரித்தது. அவர்களில் 299 பேருக்கு முடக்கு வாதம் இருப்பது உறுதியானது. அதாவது 0.75 சதவீதம். 1993-இல் வெளியான அந்த ஆய்வு, நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் சுமார் 70 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதன் பிறகு மக்கள்தொகை பெருமளவு உயர்ந்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகப் பாதிக்கிறது.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. மூட்டு வழுக்கிச் செயல்படத் தேவையான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. முடக்கு வாதத்தில் இந்தச் சவ்வு போர்க்களமாகிறது. டி செல்கள், பி செல்கள், மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் ஆகியவை ரத்தத்திலிருந்து வெளியேறி அங்கே குவிகின்றன. அவை டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. ஒரு செல் மற்ற செல்களை வரவழைக்கவும் தூண்டவும் அனுப்பும் வேதித் தூதுகளே சைட்டோகைன்கள். அழைப்பு ஓயாததால் படையும் கலைவதில்லை. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது.

இந்தத் தவறான தாக்குதல் மூட்டில்தான் தொடங்குகிறது என்றும் சொல்லிவிட முடியாது. உடலின் சில புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றப்படுவது உண்டு. மரபு வழியில் இந்நோய்க்கு இடம் தரும் உடலமைப்பு கொண்டவர்களிடம், இவ்வாறு மாறிய புரதங்களை நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் தென்படுவது உண்டு. நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் எழுதித் தரும் ஆன்ட்டி-சிசிபி பரிசோதனை இவற்றைத்தான் தேடுகிறது.

இந்தப் புரத மாற்றம் புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் அதிகமாக நடப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2006-இல் எடுத்துக்காட்டினர். காற்று மாசும் இதே வழியில் பங்களிக்கக்கூடும் என்பதற்கான சான்றுகள் திரண்டு வருகின்றன. நுண்துகள் மாசு தமனிப் படிவை விரைவுபடுத்துகிறது என்பது ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒன்று. எனவே, தில்லி போன்ற நகரங்களில் வாழும் முடக்கு வாத நோயாளிகளுக்கு மாசுபட்ட காற்று மூச்சுத் திணறல் தொடர்பான கவலை மட்டுமன்று.

தமனிச் சுவரில் நடப்பது என்ன?

குழாயில் துரு படிவதைப் போல ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்கிறது என்பதே நெடுங்காலமாக மக்களிடம் கூறப்பட்டுவரும் விளக்கம். அது பாதி உண்மை மட்டுமே. கொழுப்பு, தமனியின் உள்ளே ஒட்டிக்கொள்வதில்லை, சுவருக்குள்ளேயே நுழைகிறது. அதன் பின்னர் நடப்பவை அனைத்தும் நோய் எதிர்ப்புச் செல்களின் செயல்.

தமனியின் உட்சுவரை ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. உயர் ரத்த அழுத்தம், புகை, நீரிழிவு, அழற்சி ஆகியவற்றால் இந்த அடுக்கு பழுதுபடும்போது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை அகற்ற மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்து விழுங்கு செல்களாக மாறுகின்றன. அளவுக்கு மீறி விழுங்கிய செல்கள் நுரை நிரம்பியவை போலப் பருத்து அங்கேயே மடிகின்றன. மடிந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த குழைவே படிவின் உட்கரு. அதன் மேல் நார்த்தசையாலான ஒரு மூடி உருவாகிறது.

மூடி தடிமனாக இருக்கும் வரை படிவு அமைதியாகக் கிடக்கும். அழற்சி தீவிரமானால் அங்குள்ள டி செல்கள், மூடியை வலுவூட்டும் புரத உற்பத்தியைத் தடுக்கின்றன. விழுங்கு செல்கள் மூடியைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மெலிந்த மூடி ஒருநாள் கிழிகிறது. உட்கரு ரத்தத்தில் பட்டதும் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து தமனி அடைபடுகிறது. இதுவே மாரடைப்பு. ஆகவே, படிவு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு கொதிநிலையில் உள்ளது என்பதே பல நேரங்களில் உயிரைத் தீர்மானிக்கிறது.

தமனிச் சுவரில் அழற்சி இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். எனினும், தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்ற கருத்து மருத்துவ உலகில் வலுப்பெற்றது, அமெரிக்க அறிவியலாளர் ரஸ்ஸல் ராஸ் 1999-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே.

இரண்டு களங்கள், ஒரே படை

வீங்கிய மூட்டுச் சவ்வையும், முதிர்ந்த தமனிப் படிவையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே வகைச் செல்கள் தென்படுகின்றன. இரண்டிலும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 மிகுந்துள்ளன. இந்த ஒற்றுமை தற்செயலானதன்று என்பதற்கு மூன்று முக்கியச் சான்றுகள் உள்ளன.

முதலாவது, ஒரு தனி வகை டி செல். சாதாரண டி செல் செயல்படத் தொடங்க இரண்டு சமிக்ஞைகள் தேவை. இரண்டாவது சமிக்ஞையைப் பெறும் சிடி28 என்ற ஏற்பி, தவறான தாக்குதலைத் தடுக்கும் பூட்டு போன்றது. முடக்கு வாத நோயாளிகள் சிலரிடம் இந்த ஏற்பியை இழந்த டி செல்கள் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. இவை எளிதில் மடிவதில்லை. பிற செல்களைக் கொல்லும் ஆற்றலும் பெற்றவை. இதே வகைச் செல்கள், முடக்கு வாதம் இல்லாத, ஆனால் மாரடைப்பின் விளிம்பில் இருந்த நோயாளிகளின் தமனிப் படிவுகளிலும் காணப்பட்டன. இத்தாலிய ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய செல்கள் மிகுந்திருந்த முடக்கு வாத நோயாளிகளுக்குக் கழுத்துத் தமனிச் சுவர் கூடுதலாகத் தடித்திருந்ததும், தமனியின் விரியும் திறன் குறைந்திருந்ததும் தெரியவந்தது. டிஎன்எஃப் தடுப்பு மருந்து அளித்தபோது அந்தச் செல்களிடம் ஏற்பி ஓரளவு மீண்டும் தோன்றியது.

இரண்டாவது, எதிர்ப்பொருள்கள். சிட்ருலின் மாற்றம் பெற்ற புரதங்கள் தமனிப் படிவுகளுக்குள்ளும் இருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மூட்டைத் தாக்க உருவான எதிர்ப்பொருளுக்கு, தமனிச் சுவரிலும் அதே இலக்கு காத்திருக்கிறது என்பது இதன் பொருள்.

மூன்றாவது, ரத்தத்தில் பெருகும் சைட்டோகைன்கள். இவை மூட்டிலிருந்து கசிந்து உடல் முழுதும் சுற்றுகின்றன. தமனியின் உள்ளடுக்குச் செல்கள் இவற்றால் தூண்டப்பட்டு, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களை மேற்பரப்பில் விரிக்கின்றன. கல்லீரல், ரத்தம் உறைவதற்கு உதவும் புரதங்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் தம் மரபுப் பொருளையே வலையாக வீசி வெடிக்கின்றன. அந்த வலைகள் ரத்த உறைவுக்குச் சட்டகமாகின்றன. சுருங்கச் சொன்னால், மூட்டு அழற்சி கட்டுக்கு வராத ஒவ்வொரு மாதமும் தமனிக்கும் ஒரு விலை உண்டு.

‘கொழுப்பு குறைவு’ என்ற ஏமாற்றும் அறிக்கை

சாதாரணமாக, எல்டிஎல் அளவு குறைந்தால் மாரடைப்பு ஆபத்தும் குறையும். முடக்கு வாதத்தில் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. அழற்சி தீவிரமாக இருக்கும்போது உடல் கொழுப்பைப் பயன்படுத்தும் விதம் மாறி, ரத்தத்தில் எல்டிஎல் அளவு இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கொழுப்பு அளவு மிகக் குறைவாக இருந்த முடக்கு வாத நோயாளிகளிடம் இதய நோய் ஆபத்து கூடுதலாகவே காணப்பட்டது. மருத்துவ உலகம் இதனைக் கொழுப்பு முரண் என்று குறிப்பிடுகிறது.

கொழுப்பு குறைவாக இருப்பது தீங்கு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கொழுப்பைக் குறைத்துக் காட்டும் அளவுக்கு அழற்சி ஓங்கியிருக்கிறது என்பதே பொருள். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லும் அழற்சியின்போது தன் பாதுகாக்கும் பண்பை இழந்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கி மூட்டு வீக்கம் வடியும்போது கொழுப்பு அளவு சற்று உயர்வதும் உண்டு. அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடுவது தவறு. அழற்சி அடங்கிய பிறகு எடுக்கப்படும் கொழுப்புப் பரிசோதனையே உண்மை நிலையை நெருங்கியது. அதனுடன் சிஆர்பி, ஈஎஸ்ஆர் ஆகிய அழற்சி அளவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நெஞ்சு வலி இல்லாத மாரடைப்பு

மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் கவலையளிப்பது. முடக்கு வாத நோயாளிகள் 603 பேரை, அந்நோய் இல்லாத அதே எண்ணிக்கையினருடன் ஒப்பிட்டபோது, அறியாமலேயே வந்துபோன மாரடைப்பும், திடீர் இதய மரணமும் முடக்கு வாத நோயாளிகளிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. அதே வேளையில், நெஞ்சு வலி என்று மருத்துவரிடம் தெரிவித்தோர் அவர்களிடையே குறைவாக இருந்தனர்.

இதன் பின்னணியை ஊகிப்பது கடினமன்று. மூட்டு வலியால் வேகமாக நடப்பதோ, படியேறுவதோ குறைந்துவிட்டால், உழைப்பின்போது வரும் நெஞ்சு வலி வெளிப்பட வாய்ப்பே இல்லை. தாடை, தோள், கை ஆகியவை மாரடைப்பு வலி பரவும் இடங்கள். முடக்கு வாதம் தாக்கும் மூட்டுகளும் அங்கேயே இருக்கின்றன. ‘வழக்கமான மூட்டு வலிதான்’ என்று ஒரு வலி நிவாரணியை விழுங்கிவிட்டுப் படுத்துவிடும் ஆபத்து இங்கேதான் உள்ளது. வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றுடன் வரும் தோள் வலியையோ தாடை வலியையோ மூட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

அழற்சியை அடக்கினால் இதயம் பிழைக்குமா?

அழற்சிதான் காரணம் என்றால், அதை அடக்கும் மருந்து மாரடைப்பைத் தடுக்க வேண்டும். இக்கேள்விக்கு நேரடி விடை 2017-இல் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம், இன்டர்லூகின்-1 பீட்டா என்ற ஒரே ஒரு சைட்டோகைனைத் தடுக்கும் கனாகினுமாப் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. கொழுப்பு அளவு மாறாமலேயே, 150 மில்லிகிராம் அளவில் மருந்து பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை 15 சதவீதம் குறைந்தன. ஆனால், உயிர்பறிக்கும் நோய்த்தொற்றுகள் கூடின. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு கதவை அடைப்பதற்கும் விலை உண்டு என்பதை அது காட்டியது.

முடக்கு வாதச் சிகிச்சையின் அடித்தளமான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும் அவ்வாறே சோதிக்கப்பட்டது. முடக்கு வாதம் இல்லாத இதய நோயாளிகள் 4,786 பேரிடம் அது பலனளிக்கவில்லை. அவர்களின் அழற்சி அளவுகளையே அது குறைக்கவில்லை. ஆனால், முடக்கு வாத நோயாளிகள் 1,240 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களிடம் இதய நோய் மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. உடலெங்கும் அழற்சி கொழுந்துவிடும் இடத்தில் அதை அணைக்கும்போதுதான் தமனிக்கும் பயன் கிட்டுகிறது என்று இவ்விரு முடிவுகளையும் இணைத்துப் புரிந்துகொள்ளலாம்.

முடக்கு வாதச் சிகிச்சையின் போக்கை மாற்றிய டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், 1937-இல் லூதியானாவில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய மருத்துவர் ரவீந்தர் மைனி. அவரும் மார்க் ஃபெல்ட்மானும் 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் நடத்திய ஆய்வுகளுக்காக 2003-இல் லாஸ்கர் விருது பெற்றனர். இம்மருந்து பெறுபவர்களைப் பற்றிய பிரிட்டன் பதிவேட்டின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டியது. மருந்து எடுத்ததாலேயே மாரடைப்பு குறைந்துவிடவில்லை. முதல் ஆறு மாதங்களில் மருந்துக்கு நன்கு பலன் கண்டவர்களிடம் மட்டுமே அது கணிசமாகக் குறைந்திருந்தது. ஆக, முக்கியமானது மருந்தின் பெயரன்று, நோய் கட்டுக்குள் வந்ததா என்பதே.

இந்திய நோயாளிகளுக்கு நம்பிக்கை தரும் முடிவும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு விலை உயர்ந்த டிஎன்எஃப் தடுப்பு மருந்தும், மற்றவர்களுக்கு சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகிய மலிவான மாத்திரைகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அமெரிக்காவில் நடந்த இந்தச் சோதனையில், ஸ்கேன் மூலம் அளவிடப்பட்ட தமனி அழற்சி இரு தரப்பிலும் ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தமனியைக் காக்க ஊசி மருந்துக்குத்தான் வசதி வேண்டும் என்பதில்லை. ஊசி மருந்து தேவைப்படுவோருக்கும் நிலைமை முன்பைவிட மேல். அடாலிமுமாப் மருந்தின் நிகர் வடிவம் உலகிலேயே முதன்முதலாக 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது.

வலி நிவாரணிகளின் மறுபக்கம்

மூட்டைக் காக்கும் மருந்துக்கும், வலியை மறைக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு இதயத்தைப் பொறுத்தவரை மிகப் பெரியது. ரோஃபெகாக்ஸிப் என்ற வலி நிவாரணி, 2000-இல் முடக்கு வாத நோயாளிகள் சுமார் 8,000 பேரிடம் சோதிக்கப்பட்டபோதே மாரடைப்பு அதிகரிப்பது தென்பட்டது. 2004 செப்டம்பரில் அது உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா அதைத் தடை செய்தது. ஆனால், அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த எடோரிகாக்ஸிபும், ஒத்த ஆபத்துள்ள டைக்ளோஃபெனாக்கும் இன்றும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. இவை அழற்சியின் வேரைத் தொடுவதில்லை. நீண்டகாலம் உட்கொண்டால் ரத்த அழுத்தத்தையும் மாரடைப்பு வாய்ப்பையும் உயர்த்துகின்றன.

ஸ்டீராய்டு மாத்திரைகள் சில நாள்களிலேயே வீக்கத்தை வடியச் செய்வதால், மருத்துவர் எழுதித் தராமலேயே வாங்கி உட்கொள்வோர் உண்டு. அளவும் காலமும் கூடக் கூட, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் ஆபத்து அனைத்தும் உயர்கின்றன. அதேபோல், நீண்டகாலம் உட்கொண்டவர்கள் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

புதிய வகை மாத்திரையான டோஃபாசிடினிப் பற்றியும் எச்சரிக்கை உள்ளது. 50 வயதைக் கடந்த, குறைந்தது ஓர் இதய நோய்க் காரணியாவது உள்ள 4,362 முடக்கு வாத நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், இம்மருந்து பெற்றோரில் 3.4 சதவீதத்தினருக்கும், டிஎன்எஃப் தடுப்பு மருந்து பெற்றோரில் 2.5 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் ஏற்பட்டன. எனவே, புகைப்பழக்கமோ இதய நோயோ உள்ளவர்கள் இம்மருந்து பற்றி மருத்துவரிடம் விளக்கம் பெறுவது அவசியம்.

இந்தியர்களுக்குக் கூடுதல் கவனம் ஏன்?

தெற்காசியர்களுக்கு மாரடைப்பு முன்கூட்டியே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53; மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. இந்த அடிப்படை ஆபத்தின் மீதுதான் முடக்கு வாதத்தின் ஆபத்தும் வந்து சேர்கிறது. இந்திய முடக்கு வாத நோயாளிகளிடம் கழுத்துத் தமனிச் சுவர் தடித்திருப்பதை எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு 2008-இலேயே பதிவு செய்துள்ளது.

வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு பத்தாண்டு ஆபத்தைக் கணக்கிடும் வாய்பாடுகளில் பலவற்றில் முடக்கு வாதத்துக்கு இடமில்லை. எனவே, அவ்வாறு கிடைக்கும் விடையை ஒன்றரையால் பெருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மூட்டு நோய் மருத்துவர் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் பயன்படுத்தப்படும் கியூரிஸ்க் கணிப்பானில் முடக்கு வாதம் தனிக் கேள்வியாகவே சேர்க்கப்பட்டுள்ளது.

நோயாளிகள் கேட்க வேண்டியவை

முடக்கு வாதம் உறுதியானவர்கள் தங்கள் மருத்துவரிடம் சில கேள்விகளை நேரடியாகக் கேட்கலாம். நோய் முழுமையாகக் கட்டுக்குள் உள்ளதா, இல்லையெனில் மருந்தை மாற்ற வேண்டுமா? வலி நிவாரணியையும் ஸ்டீராய்டையும் எவ்வளவு குறைக்க முடியும்? தன் வயதுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஏற்ப இதய நோய் ஆபத்து எவ்வளவு? ஸ்டேடின் மாத்திரை தேவையா?

இதய நோய் ஆபத்தைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், சிகிச்சையில் பெரிய மாற்றம் செய்யப்படும்போதும் மதிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பியப் பரிந்துரை. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்று பரிசோதனைகளும் ஒரு சிறு மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். புகையை முற்றிலும் விடுவது மூட்டுக்கும் தமனிக்கும் ஒருசேரப் பலன் தரும். வீக்கம் வடிந்த பிறகு, மூட்டு தாங்கும் அளவுக்கு நாள்தோறும் நடப்பதும் அவ்வாறே.

இதயப் பிரிவுக்குச் செல்பவர்கள் தங்களுக்கு முடக்கு வாதம் உள்ளது என்பதையும், மூட்டுப் பிரிவுக்குச் செல்பவர்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் கேட்காமலேயே சொல்லிவிடுவது நல்லது. இரு பிரிவுகளின் மருந்துச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்து இருவரிடமும் காட்டுவது செலவில்லாத பாதுகாப்பு. மூட்டு மருத்துவரும் இதய மருத்துவரும் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கலாம். அவர்கள் சிகிச்சையளிப்பது ஒரே அழற்சிக்குத்தான்.